வரன் நோக்குவார் நோக்க வேண்டுவன



நம் பாடசாலைகளின் மேல்வகுப்புக்களிற் கற்கும் பிள்ளைகளுக்கு இலக்கணம், கணிதம், சரித்திரம் முதலியன முறைப்படி கற்பிக்கப்படுகின்றன. அவர்கள் கல்வி முடித்துச் சில ஆண்டுகளுள் மேற்கொள்ளவிருக்கும் இல்வாழ்க்கைக்குத் துணையைத் தேர்ந்து கொள்ளும் முறை பற்றிப் பாடத்திட்டத்தில் இடமில்லை. அவ்விடத்தைக் கலியாணத் தரகரும், அயலாரும், பத்திரிகைகளில் வரும் மணமக்கள் விளம்பரங்களும் நிரப்புகின்றன. அவர்கள் கற்பிப்பது பெரும்பாலும் மூன்று வினாக்களே. உத்தியோகம் யாது? சம்பளம் எவ்வளவு? சீதனம் எவ்வளவு? இம்மூன்று வினாவும் முற்றும் தீயன அல்ல; ஆயினும் இவையே போதும் என்று எண்ணுதல் தீது. ஆதலின் தமிழ், சமயம், சரித்திரம், கணிதம் ஆகிய நான்கு பாடங்களினூடும் இப்பொருளைப் பிள்ளைகளுக்கு உணர்த்துதற்கு உதவியாகச் சிலவற்றை இங்கே எழுதுகின்றோம்.

1. தமிழ்ப் பாடம்: இருவகைப் பத்து

"கலியாணத்துக்குப் பொருத்தம் எத்தனை?" என்று வகுப்பிலே வினாவினால், பிள்ளைகள் "பத்து" என உடனே விடை கூறுவர். தினம், கணம், மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, இராசி, இராசியதிபதி, வசியம், இரச்சு, வேதை எனச் சோதிடர் கூறும் பத்தும் வீட்டிலே கேட்டுப் பழகியவை. தமிழ் நூலிலும் வேறொரு பத்து உண்டென்பதைப் பலர் கேட்டிரார். தொல்காப்பியர் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில், தலைவனுந் தலைவியும் ஒத்திருக்க வேண்டியனவாகப் பத்தினை எடுத்தோதுகின்றார். அவற்றின் கருத்தை எளிய சொல்லிற் கூறின், பிறந்த குடி, அக்குடிக்கேற்ற ஒழுக்கம், முயற்சியோடு கூடிய ஆளுந்தன்மை, வயது, வடிவு, அன்பு நிலைத்தற்கு வாயிலாகிய உள்ளம், தன்னை அடக்கிக் காக்கும் நிறை, பிறர் துன்பங் கண்டிரங்கும் அருள், குறிப்பறியும் உணர்வு, திரு என்பனவாம். திரு என்பதற்குச் செல்வம் என்று பொருள் கொள்வாரும், எந்நாளும் மாறாத உள்ளச் சிறப்பு என்று பொருள் கொள்வாரும் உளர்.

இங்கே மாணாக்கர் கவனிக்கத்தக்கன இரண்டு. முதலாவது, செல்வம் என்றே கொண்டாலும், அது பத்தனுள் ஒன்று. வரிசையிற் கடைசியில் வைக்கப்பட்டது. இரண்டாவது, இக்காலத்தில் வரன் தேடுவோர் விசாரிப்பவை குடி, வயது, வடிவு, செல்வம் என்னும் நான்கே. ஒழுக்கம், ஆளுந்தன்மை, அன்புள்ளம், நிறை, அருள், உணர்வு என்னும் ஆறும் விசாரிக்கப்படுவதில்லை. மணம் முடிந்த பின் ஒரு வீட்டிலே இன்பமோ துன்பமோ விளைவது பெரும்பாலும் இந்த ஆறினாலன்றோ?

அச்சூத்திரத்தை அடுத்து, இருவரிடத்தும் இருத்தலாகாத குணங்களையும் ஆசிரியர் தொகுத்துரைக்கின்றார். பொறாமை, கொடுமை, தன்னையே வியத்தல், புறங்கூறல், கடுஞ்சொல், மறதி, சோம்பல், தன் குடிப்பிறப்பை எண்ணி மகிழ்தல் என்பன அவற்றுட் சில. குடிப்பிறப்பைப் பொருத்தங்களுள் ஒன்றாக முன்னர் வைத்த புலவரே, அப்பிறப்பைக் கொண்டு செருக்குறுதலைக் குற்றமாகப் பின்னர் வைத்தார் என்பதை மாணாக்கர் தாமே கண்டு கூறும்படி செய்தல் நன்று.

திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் என்னும் அதிகாரத்தையும் இதனோடு சேர்த்துப் படிப்பிக்கலாம். மனைவி கொண்டுவரும் பொருளைப் பற்றி அவ்வதிகாரம் யாதும் கூறவில்லை. கணவனது வருவாய்க்கு ஏற்பச் செலவு செய்து வாழுந் திறத்தையே அஃது அவளது சிறப்பாகக் கூறுகின்றது. ஆகவே பொருளைப் பற்றிய எண்ணம் வள்ளுவர்க்கு இல்லையென்பதன்று; வருகின்ற பொருளை நடத்தும் அறிவையே அவர் நோக்கினார் என்பதாம்.

பணம் பார்த்து மணஞ் செய்தல் நம் நாட்டுக்கே உரிய பேதைமை என்று கூறுவாரும் உளர். மிஷன் பாடசாலைகளில் ஆங்கில இலக்கியங் கற்றோர் அவ்வாறு கூறார். ஜேன் ஆஸ்டின் என்னும் பெண்மணி எழுதி 1813ஆம் ஆண்டில் வெளிவந்த "பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்" என்னும் நாவலில், ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு குடும்பத்தின் நிலம் ஆண்வழியிலே தூரத்து உறவினனுக்குப் போக இருக்கின்றது. அவ்வூருக்கு ஒரு வாலிபன் வந்தால், அவனுடைய ஆண்டு வருமானம் இத்தனை ஆயிரம் பவுண் என்பதே முதலிற் பரவுஞ் செய்தி. சார்லட் என்னும் இருபத்தேழு வயதுப் பெண் கைப்பொருள் இல்லாமையால், தான் மதியாத ஒருவனை வாழ்வுக்கு ஆதாரமாக மணக்கின்றாள். பெண் தானே உழைத்து வாழ வழியில்லாத தேசம் எதுவாயினும், அங்கே மணம் வயிற்றுப்பிழைப்பாகி விடும் என்பதை இக்கதையினால் அறியலாம்.

2. சரித்திரப் பாடம்: சீதனமும் உத்தியோகமும்

சீதனம் என்பது ஸ்திரீ தனம் என்பதன் திரிபு எனக் கூறுவர். பெண்ணுக்கு உரிய பொருள் என்பது அதன் கருத்து. யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் அரசாட்சிக் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை எழுதித் தொகுத்தார். அவர் இந்நாட்டிலே பல்லாண்டு வாழ்ந்து பழகியவர். அத்தொகுப்புத் தமிழிற் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களாற் பார்வையிடப்பட்டுச் சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்பு ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டு 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் அதற்குச் சட்ட வலிமை கொடுத்தனர். அதுவே தேசவழமை.

தேசவழமை பொருளை மூவகையாகப் பகுக்கின்றது. தந்தை வழியாக வருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். மணத்தின் பின் இருவருஞ் சேர்ந்து வாழுங்காலத்தில் ஈட்டுவது தேடியதேட்டம். பழைய முறைப்படி தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சேர்ந்தது. காலப்போக்கிலே, சிறப்பாகப் போர்த்துக்கேயர் காலத்தில், இவ்வெல்லை குலைந்து எப்பொருளிலிருந்தும் சீதனங் கொடுக்கும் வழக்கம் உண்டாயிற்று என்று அத்தொகுப்பே கூறுகின்றது. சீதனம் பெற்ற மகள் அதனோடு அமைந்து, பெற்றோரின் ஏனைய பொருளில் உரிமை கேளாதிருப்பதும் பழைய வழமை. மணமாகாத ஆண்மக்கள் ஈட்டும் பொருள் குடும்பப் பொதுவிற் சேர்ந்தது. சகோதரிகளைக் கரையேற்றிய பின்னரே தமையன் மணஞ் செய்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மவர்க்குள் இத்துணை வேரூன்றியிருத்தற்கு இதுவும் ஒரு காரணமாம்.

இதனால் மாணாக்கர் அறிய வேண்டுவது யாது? ஆதியிலே சீதனம் என்பது மாப்பிள்ளைக்கு விலையன்று. மகளுக்குப் பெற்றோர் கொடுக்கும் பாகம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் மனைவியின் சொத்தை அவளுக்கே உரிய தனிச்சொத்தாக வைத்தது. ஆயினும் அசையாத ஆதனத்தைக் கைமாற்றுதற்குக் கணவனுடைய எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. இச்சட்டம் 1947ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. இக்காலத்தில் டொனேசன் என்னும் பெயரோடு மாப்பிள்ளையின் பெற்றோர் கையிற் கொடுக்கப்படும் ரொக்கமோ, பெண்ணின் பெயரில் ஓர் உறுதியிலும் எழுதப்படுவதில்லை. சீதனம் என்னும் பழைய பெயரின் மறைவிலே நுழைந்த வேறொரு பொருள் அது. இரண்டினையும் ஒன்றென எண்ணுவார், வழமையைக் காக்கின்றோம் என்று கூறிக்கொண்டு வழமைக்கு மாறானதைச் செய்பவராவர்.

இனி உத்தியோகத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணம் ஆறில்லாத நாடு, நிலமோ சிறிது, கிணற்றுநீர் இறைத்துப் பயிர் செய்யுங் கமக்காரன் உழைப்புப் பெரிது. அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையில் 1823ஆம் ஆண்டிலும், பெண்களுக்காக உடுவிலில் 1824ஆம் ஆண்டிலும் கல்விச்சாலைகளைத் தொடங்கினர். பெண்களைப் படிக்க விட ஊரார் தயங்கிய அத்தொடக்க காலத்தில், படித்து முடித்து மணஞ்செய்து செல்லும் மாணவியர்க்கு மிஷனாரே சிறு சீதனமுங் கொடுத்தனர். பிறநாட்டுப் போதகரும் விலக்க இயலாதபடி அவ்வழக்கம் வலிதாயிருந்தது என்பது இதனாற் புலப்படும். ஆங்கிலங் கற்ற வாலிபர் கொழும்பிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் மலாயாவிலும் எழுதுவினைஞராயும், புகையிரதப் பகுதியினராயும், நில அளவைப் பகுதியினராயும் அமர்ந்தனர். 1905ஆம் ஆண்டிற் காங்கேசன்துறை வரையும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின் கொழும்பு உத்தியோகம் இன்னும் அண்மையாயிற்று. மாதந் தவறாத சம்பளமும் முதுமையிற் பென்சனும் உடையவன் எவனோ, அவனே நல்ல மாப்பிள்ளை எனப்பட்டான். அவனுக்கேற்பச் சீதனமும் உயர்ந்தது.

ஆனால் அவ்வுத்தியோகம் எந்நாளும் நிலைத்ததோ? யப்பானியர் 1942 தொடக்கம் 1945 வரை மலாயாவைக் கைப்பற்றியிருந்த காலத்தில் அங்கிருந்து வரும் பணம் தடைப்பட, அதனையே நம்பியிருந்த குடும்பங்கள் பல இடர்ப்பட்டன. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின் தமிழருக்கு அரசாங்க உத்தியோகத்தின் வாயில் ஒடுங்கிற்று. 1983ஆம் ஆண்டின் பின் நம்மவர் கனடா, இங்கிலாந்து, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய தேசங்களுக்குப் பெருந்தொகையினராய்ப் புலம்பெயர்ந்தனர். மலாயா மாப்பிள்ளை இருந்த இடத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை வந்து நின்றான். பெயரும் தேசமும் மாறின; நோக்கு மாறவில்லை. மாதச் சம்பளத்தைக் கண்டு மகளைக் கொடுத்தோர், அச்சம்பளம் நின்ற நாளில் அவளுக்கு எஞ்சியது எது என்று எண்ணிப் பார்ப்பாராக. கணவனிடத்தில் முயற்சியும் அருளும் இருந்த வீடுகள் வேறு தொழில் செய்து பிழைத்தன. அவை இல்லாத வீடுகள் சம்பளத்தோடு அமைதியையும் இழந்தன.

3. சமயப் பாடம்: பெரியபுராணத்து இல்லறம்

பெரியபுராணம் படிப்பிக்கும்போது அடியாரின் பத்தியை எடுத்துரைப்பதோடு, அவர்தம் இல்லறத்தையும் எடுத்துக்காட்டலாம்.

காரைக்காலிலே தனதத்தன் என்னும் வணிகன் தன் ஒரே மகளாகிய புனிதவதியாரை, நாகபட்டினத்து நிதிபதியின் மகனாகிய பரமதத்தனுக்கு மணஞ்செய்து கொடுத்தான். குலம் ஒத்தது, தொழில் ஒத்தது, செல்வம் ஒத்தது. மகளைப் பிரிய மனமில்லாத தந்தை, காரைக்காலிலேயே மாளிகையும் மிகுந்த பொருளும் மருமகனுக்குக் கொடுத்தான். இக்காலத்துத் தரகர் எவரும் இதனிற் குறை காணார். எனினும் மனைவியின் உள்ளத்தில் நிறைந்திருந்த பத்தி கணவனுக்கு விளங்கவில்லை. மாங்கனியின் அற்புதத்தைக் கண்டவன் அஞ்சினான். வாணிகத்தின் பொருட்டுக் கப்பலேறிச் சென்றவன் மீளவில்லை. பாண்டிநாட்டிலே வேறொருத்தியை மணந்தான். அம்மையார் இறைவன் திருவருளாற் பேறு பெற்றார், அது வேறு. நாம் இங்கே நோக்குவது, எல்லாம் ஒத்தும் உணர்வு ஒவ்வாமையால் அவ்வில்லறம் நிலையாமையையே.

இளையான்குடி மாறநாயனார் இல்லத்தைப் பாருங்கள். செல்வம் முழுதும் போய், உண்ண உணவில்லாத ஒரு மழைநாள் இரவில் அடியவர் ஒருவர் வருகின்றார். அன்று பகல் வயலில் விதைத்த நெல்லை வாரிக் கொண்டுவந்தால் அமுது சமைக்கலாம் என்று வழி சொன்னவர் மனைவியார். இருளில் நனைந்து சென்று வாரி வந்தவர் நாயனார். விறகில்லையென்று மனைவியார் கூற, வீட்டுக் கூரையின் மரத்தை வெட்டிக் கொடுத்தார். செல்வம் போன நாளிலும் ஒருவரை ஒருவர் குறை கூறாமல் ஒரே கருத்தில் நின்றமை காண்க. குங்குலியக்கலய நாயனாரின் மனைவியார், பிள்ளைகள் பசித்திருக்கத் தமது தாலியை எடுத்து நெல் வாங்கும்படி கொடுத்தார். நாயனார் குங்குலியம் வாங்கினார். இவ்விரு சரிதங்களையும் படிப்பிக்கும்போது, வறுமையே மேலானது என்றோ, பிள்ளைகளைப் பட்டினியிருக்க விடலாம் என்றோ மாணாக்கர் பிழைபடக் கொள்ளாதவாறு ஆசிரியர் காத்தல் வேண்டும். நாம் எடுத்துக்கொள்வது அவ்விருவர்க்கும் இடையில் இருந்த உளவொருமையை மாத்திரமேயாம்.

4. கணிதப் பாடம்: கடனுங் கலியாணமும்

வட்டிக் கணக்குப் படிப்பிக்கும் நாளிற் பின்வருங் கணக்கைக் கொடுக்கலாம்.

தந்தை ஒருவர் மகளின் கலியாணத்துக்காகக் காணியை ஈடு வைத்து, 20 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீதத் தனிவட்டிக்கு வாங்கி, அதனை டொனேசனாகக் கொடுத்தார் எனக் கொள்க. ஆண்டு வட்டி 2,40,000 ரூபா. மாத வட்டி 20,000 ரூபா. முதலிற் சிறிதும் அடைக்க இயலாமற் பத்தாண்டு வட்டி மாத்திரம் கொடுத்தால், கொடுத்த வட்டி 24 இலட்சம். கடன் 20 இலட்சம் அப்படியே நிற்கும். மகளின் பெயரிலோ ஒரு சதமும் இல்லை.

இரண்டாவது வினா. ஊரிலுள்ள எல்லாரும் ஒரே தொகையை டொனேசனாகக் கொடுத்தும் வாங்கியும் வருவாராயின், இலாபம் பெறுவார் யார்? ஒரு மகனும் ஒரு மகளும் உள்ள வீடு மகனால் வாங்கியதை மகளுக்காகக் கொடுக்கின்றது. அதற்கு வரவும் இல்லை, செலவும் இல்லை. மனக்கவலை மாத்திரம் மிச்சம். ஆண்மக்களை மாத்திரம் பெற்ற வீடு ஆதாயம் பெறும். பெண்மக்களை மாத்திரம் பெற்ற வீடு அழியும். "என் தங்கைக்குக் கொடுக்க வேண்டியிருத்தலால் நான் வாங்குகின்றேன்" என்று நல்ல வாலிபரும் கூறும் நியாயம், கடைசியில் அந்த ஒரு வீட்டின்மேற் சுமையாய் இறங்குகின்றது. மாணாக்கர் இதனைக் கரும்பலகையில் தாமே எழுதிக் காண்பாராயின், நூறு பிரசங்கம் செய்யாததை அது செய்யும்.

5. கேட்கத்தக்க வினாக்கள்

அங்ஙனமாயின், தொழிலையும் பணத்தையும் விசாரியாமலே மணம் பேசலாமோ எனின், அது தகாது. உழைப்பில்லாதவனுக்கு மகளைக் கொடுத்தலும், செலவின் அளவறியாதவளை மகனுக்குக் கொள்ளுதலும் அறிவாகா. விசாரிக்கும் முறையே வேண்டப்படுவது. அம்முறையைச் சுருக்கிக் கூறுதும்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, அதனுட் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு, கடன் உண்டோ என்றுங் கேட்க. உத்தியோகத்தின் பெயரைக் கேட்பதோடு, அது நின்றால் வேறொரு தொழில் செய்ய மனமும் கைத்திறனும் உண்டோ என்று நோக்குக. தாயோடும், வீட்டில் வேலை செய்வாரோடும், தன்னிலுந் தாழ்ந்த நிலையினரோடும் எவ்வாறு பேசுகின்றார் என்று அயலிலே அறிந்துகொள்க. மணமகள் முன் பேசும் இன்சொல்லைக் காட்டிலும் அதுவே உண்மையை அறிவிக்கும். குடிவழக்கம் உண்டோ என நாணாது விசாரிக்க. வெளிநாட்டில் வாழ்பவராயின், அவ்வூரில் உள்ள நம்பத்தக்க உறவினர் ஒருவர் நேரிற் சென்று, தொழிலையும், முன்மணம் இன்மையையும், வதிவுரிமையையும் அறிந்து எழுதுமட்டும் எழுத்து வைத்தல் ஆகாது.

பெண் உத்தியோகம் பார்ப்பவளாயின், மணத்தின் பின்னும் அதனைத் தொடர்வாளோ, அவளுடைய சம்பளம் எவ்வாறு செலவிடப்படும், வீட்டு வேலையில் யார் யார் பங்கு கொள்வர் என்பவற்றை முன்னரே இருவரும் பேசித் தெளிதல் வேண்டும். அவளுடைய சம்பளத்தையும் எண்ணி, அதன்மேற் சீதனத்தையும் கேட்பவர், ஒரே பொருளுக்கு இருமுறை விலை வாங்குபவரை ஒப்பர். எல்லாவற்றினும் மேலாக, இருவருடைய மனச்சம்மதத்தையுங் கேட்டல் வேண்டும். இலங்கையின் பொதுச் சட்டம் 1995ஆம் ஆண்டு தொடக்கம் மணத்துக்குக் குறைந்த வயதைப் பதினெட்டு ஆக்கிற்று. அவ்வயதினர் தம் மனத்தைத் தாமே சொல்ல வல்லவர்.

6. ஆசிரியர் கடமை

இந்தியாவிற் சீதனத்தைத் தடுக்குஞ் சட்டம் 1961ஆம் ஆண்டிலே பிறந்தது. சட்டம் மாத்திரம் அவ்வழக்கத்தை அங்கே ஒழித்துவிடவில்லை. மனம் மாறாத இடத்தில் சட்டம் வேலிக்கு வெளியே நிற்கும். மனத்தை மாற்றுதற்கு வாய்ப்புடையவர் ஆசிரியரே. ஆயினும் நாம் கரும்பலகையில் எழுதுவதை மாத்திரம் பிள்ளைகள் படிப்பதில்லை. நம் வீட்டையும் படிக்கின்றார்கள். ஆசிரியத் தொழிலும் மாதச் சம்பளமும் பென்சனும் உடைய உத்தியோகமாதலின், மணமாகாத ஆசிரியரைத் தேடித் தரகர் வருவர். அந்நாளில் அவர் கூறும் விடை ஊரெங்கும் கேட்கும். மறுபுறத்தில், நன்கு கற்றுப் பல பிள்ளைகளை முன்னேற்றிய ஆசிரியைமார் சிலர், கேட்ட தொகையைக் கொடுக்க வழியின்மை ஒன்றினாலேயே மணமின்றி இருந்துவிடுகின்றனர். அவர்களோடு ஒரே அறையில் இருந்து பாடக்குறிப்பு எழுதும் நாம், அதனைத் தலைவிதி என்று சொல்லிக் கடந்து போதல் தகுமோ?

மகனுடைய ஆசிரியர், டொனேசன் இன்றி, பெண்ணின் பாகத்தைப் பெண்ணின் பெயரிலேயே உறுதி எழுதச் செய்து தம் மகனுக்கு மணஞ் செய்தாராயின், அவ்வூரில் அடுத்து மணம் பேசும் பத்துப் பேர் அதனை எடுத்துக்காட்டாகக் கொள்வர். அவ்வாறு செய்ய முன்வருவோர் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒருவரேனும் உளராயின், மேலே கூறிய நான்கு பாடங்களும் பயன்பட்டனவாகும். வரும் தவணையில் இவற்றுள் ஒன்றையேனும் வகுப்பில் நடத்திப் பார்த்து, மாணாக்கர் கேட்ட வினாக்களைக் குறித்து வைப்பீர்களாக. அவ்வினாக்களே அடுத்த பாடத்துக்கு வழி காட்டும்.